நாற்பத்தொன்பது முதல் அறுபது வரை

மின்சாரம் வாங்குவதுதான் என் வேலை என்று சொன்னால், எங்கள் ஊர் இண்டூரில் பாதிப் பேர் நான் பில் வசூல் செய்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மீதிப் பேர், "கரண்ட எங்க பாப்பா வாங்குவ, மளிகைக் கடையிலயா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். கேலிதான் என்றாலும் பெரிய தப்பில்லை. அதுவும் ஒரு கடைதான். விற்பவர் முகம் தெரியாது, சரக்கு கண்ணில் படாது, நாளைக்கு வேண்டியதை இன்றைக்கே கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். தருமபுரிக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிற ஓர் இரும்பு உருக்கும் ஆலைக்காக, தினமும் காலை பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் நடுவில் நான் மின்சார ஏலம் கேட்கிறேன். ஏழு வருடமாக இதே வேலை. இதில் கெட்டிக்காரி என்று பேர் வாங்கியிருக்கிறேன். அந்தப் பேரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஏலம் எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாவிட்டால் என் தப்பு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தெரியாமலே போகட்டும் என்று இரண்டு வருடம் நான் இருந்தும் பார்த்துவிட்டேன்.

ஒரு நாளைக் கால் மணி நேரத் துண்டுகளாக நறுக்கினால் தொண்ணூற்றாறு வரும். ஒவ்வொரு துண்டையும் நாங்கள் பிளாக் என்போம், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. பகல் பன்னிரண்டு மணிக்கு நாற்பத்தொன்பதாவது பிளாக் தொடங்கும். மூன்று மணிக்கு அறுபதாவது முடியும். ஒவ்வொரு பிளாக்குக்கும் இத்தனை யூனிட் வேண்டும், இந்த விலைக்கு மேலே போனால் வேண்டாம் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். நாடு முழுக்க விற்பவர்களும் இத்தனை தருகிறேன், இந்த விலைக்குக் கீழே என்றால் தர மாட்டேன் என்று எழுதுவார்கள். ஒருவர் எழுதியது அடுத்தவருக்குத் தெரியாது. மதியத்துக்கு மேல் கணினி, மலிவாகத் தருபவரில் தொடங்கி வரிசையாக எடுத்துக்கொண்டே வந்து, வாங்குபவர்களின் தேவை எங்கே அடங்குகிறதோ அங்கே நிற்கும். அந்தக் கடைசி ஆள் கேட்ட விலைதான் அந்தக் கால் மணி நேரத்துக்கு எல்லாருக்கும் விலை. பட்டுக்கூடு அங்காடியில் ஒவ்வொரு குவியலையும் கையில் அள்ளிப் பார்த்துத் தனித்தனியாக விலை கேட்பார்கள். இங்கே அள்ளிப் பார்க்க ஒன்றும் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. கம்பி தாங்குகிற அளவுக்குத்தான் மின்சாரம் போகும். வடக்கே மலிவாகக் கிடக்கிறது என்பதற்காகத் தெற்கே இஷ்டத்துக்கு இழுத்துவிட முடியாது. தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து வண்டிகள் நின்றுவிட்டால், பாலக்கோட்டுத் தக்காளி இந்தப் பக்கம் கேட்பாரில்லாமல் கிடக்கும், சேலத்தில் விலை ஏறும். அதே நாள், அதே தக்காளிதான். கணவாய்க்கு அந்தப் பக்கம் ஒரு விலை, இந்தப் பக்கம் ஒரு விலை. கம்பி நிரம்பிவிட்டால் மின்சாரத்துக்கும் அப்படித்தான் ஆகிறது.

சேலத்தில் முதுகலைப் பொறியியல் படித்தபோது என் புராஜெக்ட்டே இதுதான். எந்த மின்நிலையம் எவ்வளவு உற்பத்தி செய்தால், எந்தக் கம்பியும் தன் எல்லையைத் தாண்டாமல் மொத்தச் செலவு குறைந்தபட்சமாக வரும் என்று கண்டுபிடிப்பது. அதற்கு எல்லைகளை ஒவ்வொன்றாக எழுத வேண்டும். இந்தக் கம்பி இவ்வளவுதான் தாங்கும், இந்த டிரான்ஸ்பார்மர் இவ்வளவுதான் தாங்கும் என்று. ஏதாவது ஓர் எல்லை இறுக்கிப் பிடித்தால், அதை ஓர் அலகு தளர்த்தினால் எவ்வளவு மிச்சமாகும் என்று கணக்கே சொல்லிவிடும். நிழல் விலை என்று அதற்குப் பேர். எந்த இடத்தில் எவ்வளவு வலிக்கிறது என்பதற்கு அது ஓர் அளவு. நாம் எழுதாமல் விட்ட எல்லையைப் பற்றி அது வாயே திறக்காது. வகுப்பில் பேராசிரியர் இதைச் சொன்னபோது நான் பெரிதாகத் தலையாட்டி, நோட்டில் அடிக்கோடுகூடப் போட்டேன்.

ஆலை வேலை எனக்குக் கிடைத்தது ஓர் அண்ணனால். கூடப் பிறந்தவர் இல்லை. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு, ஒரே பங்குக் கோயில், ஒரே ஃபாதர். ஆலையில் பர்னஸ் மேடையில் வேலை அவருக்கு. பர்னஸ் என்பது பழைய இரும்பைப் போட்டு மின்சாரத்தால் உருக்குகிற பெரிய உலை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, சென்னை வேலையை விட்டுவிட்டு நான் ஊருக்கு வந்து உட்கார்ந்திருந்த நாளில், வீடு தேடி வந்து சொன்னார்.

"எங்க கம்பெனியில கரண்டு வாங்கறதுக்குன்னு படிச்ச ஆளு தேடறாங்க பாப்பா. எனக்கு என்னா ஏதுன்னு புரியல, உனக்குப் புரியும். போயி ஒரு வார்த்த கேட்டுப் பாரு."

போய்க் கேட்டேன், கிடைத்தது. அதிலிருந்து ஆலையில் புதிதாக யார் வந்தாலும், "எங்க ஊருப் பொண்ணுதான் நம்ப பர்னஸுக்கு கரண்டு வாங்குது" என்று பெருமையடித்துக்கொள்வார். ஆலைக்குள் என்னை மேடம் என்று கூப்பிடுவார். கேட்டைத் தாண்டிவிட்டால் பாப்பா.

அப்போதெல்லாம் பர்னஸ் இரவில்தான் ஓடும். சாயங்காலம் ஊரெல்லாம் விளக்குப் போடும் நேரத்தில் மின்சார விலை உச்சிக்கு ஏறும், நள்ளிரவுக்கு மேல்தான் இறங்கும். பிறகு எங்கே பார்த்தாலும் சூரியப் பலகைகள் முளைத்தன. வெயில் ஏற ஏறப் பகல் விலை சரியத் தொடங்கியது. நான் அதை உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். கல்லூரியில் எழுதிய அதே கணக்கைச் சின்னதாக்கி, எங்கள் ஆலைக்கு ஏற்ற மாதிரி ஒரு புரோகிராம் எழுதினேன். எந்த நேரத்தில் எவ்வளவு உருக்கினால் செலவு குறையும் என்று அது சொல்லும். அதில் டிரான்ஸ்பார்மர் தாங்கும் அளவு இருந்தது. பர்னஸின் உள்சுவர் தாங்கும் சூடு இருந்தது. பழைய இரும்பு எத்தனை டன் கையிருப்பு என்பதுகூட இருந்தது. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை ஓட்டு என்று அது சொன்னது. நட்டநடுப் பகலில், பன்னிரண்டிலிருந்து மூன்று வரை, முழு வேகத்தில்.

மேனேஜர் அதைப் பார்த்து முதலாளியிடம் கொண்டுபோனார். முதலாளி சபாஷ் என்றார். ஒரே மாதத்தில் இரவு ஷிப்ட் பகல் ஷிப்ட் ஆனது.

ஆட்கள் முணுமுணுத்தார்கள். அவர்களைச் சமாதானப்படுத்தியது யார் என்றால், இந்த அண்ணன்தான். "ராத்திரியில வூட்டுல தூங்கறது கசக்குதா உங்களுக்கு? பதினேழு வருசமா எம்பொண்டாட்டி தனியாப் படுத்துக் கெடந்தா. பாப்பா புண்ணியத்துல இப்பதான் நானும் மனுசனாட்டம் தூங்கறேன்" என்று சாப்பாட்டுக் கூடத்தில் சத்தமாகப் பேசினார் என்று எனக்குச் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கணக்கும் சரி, கருணையும் சரி, இரண்டும் என்னிடம்தான் குடியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மழைக்காலத்திலும் மார்கழியிலும் பகல் ஷிப்ட் சரியாகத்தான் இருந்தது. வெயில் ஏறி, ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் தொடங்கி இரண்டு வாரம் ஆனபோது, போர்மேன் என் அறைக்கு வந்தார். பொதுவாக அவர் வாசலில் நின்றே பேசிவிட்டுப் போகிற ஆள். அன்றைக்கு உள்ளே வந்து ஏசிக்கு நேரே நின்றார். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

"மேடம், பன்னெண்டுல இருந்து மூணு வரிக்கும் மேடையில நிக்க முடியலிங்க. மேல தகரம் காயுது, கீழ இரும்பு கொதிக்குது. ஆள மாத்தி மாத்தி நிறுத்தறேன், அப்பவும் தாங்கல. அந்த மூணு மணி நேரத்த மட்டும் விட்டுட்டுக் கரண்டு வாங்க முடியுங்களா?"

"நான் என்னங்க பண்ணட்டும்? ஏலத்துல வெல அங்கதான எறங்குது" என்றேன்.

"எறங்கினா நாம வாங்கியே ஆவணுங்களா?"

ஆக வேண்டியதில்லை. அந்தப் பன்னிரண்டு பிளாக்குகளிலும் பூஜ்யம் என்று அடித்துவிட்டு, காலையில் சீக்கிரம் தொடங்கி, மூன்று மணிக்கு மேல் மீதியை ஓட்டலாம். அடிக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் நான் அதைச் சொல்லவில்லை. பர்னஸை நடுவில் நிறுத்தினால் உள்சுவர் வெடித்துவிடும் என்றேன். அவருக்குத் தெரியாத தொழிலா?

"கொஞ்சமாக் கரண்டு குடுத்து சூட்டுலயே வெச்சிக்கலாங்க மேடம். ராத்திரி ஷிப்ட்டுல எத்தினியோ வாட்டி அப்பிடி வெச்சிருக்கறோம்."

"சரி, இந்த மாசம் முடியட்டும். பாக்கலாம்."

ஏன் மாதம் முடிய வேண்டும்? இதை எழுதும்போது எனக்கே கூசுகிறது. மாதக் கடைசியில் முதலாளியிடம் ஒரு படம் காட்டுவேன். சந்தையின் சராசரி விலை ஒரு கோடு, நாங்கள் வாங்கிய சராசரி விலை அதற்குக் கீழே இன்னொரு கோடு. நான்கு மாதமாக என் கோடு கீழேதான் இருந்தது. அந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கும். நடுப்பகலை விட்டுவிட்டால் இடைவெளி குறையும். எவ்வளவு குறையும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்க்கக்கூட இல்லை. கோடு மேலே ஏறக் கூடாது, அவ்வளவுதான் என் கவலை. போர்மேன் இன்னும் ஒரு நிமிடம் ஏசிக் காற்றில் நின்றுவிட்டுப் போனார்.

எங்கள் ஊர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் ஒருசந்தி இருப்பார்கள். நாளுக்கு ஒரே வேளைச் சாப்பாடு, அதுவும் உச்சிப்பொழுதுக்கு. அதுவரை பல்லில் தண்ணீர்கூடப் படாமல் இருப்பவர்கள் உண்டு. அண்ணன் அந்த ரகம். இரவு ஷிப்ட் இருந்தவரை அவருக்கு இது ஒரு பாடே இல்லை. காலையில் வந்து படுத்தால், எழுந்திருக்கும்போது சாப்பாட்டு நேரம் ஆகியிருக்கும். பகல் ஷிப்ட் வந்த பிறகு உச்சிப்பொழுதில் அவர் மேடையில் நின்றார். உருக்கிய இரும்பைச் சாய்த்து ஊற்றி முடிக்க மூன்று மணி தாண்டும். இது எனக்குத் தெரியும். அவர் ஒருசந்தியை விட மாட்டார் என்பதும் தெரியும். ஏனென்றால் நானும் ஒருசந்தி. ஆனால் நான் இருந்தது ஏசி அறையில். பன்னிரண்டு மணிக்கு ஏலம் மூடியதும் டப்பாவைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டுவிடுவேன்.

போர்மேன் வந்து போனதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை, மறுநாளைக்கான விலைகள் திரையில் வந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. நடுப்பகல் விலை இன்னும் கீழே போயிருந்தது. நாற்பத்தொன்பது முதல் அறுபது வரை ஒவ்வொரு பிளாக்கிலும் நான் கேட்டது முழுசாகக் கிடைத்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வெளியே கத்தல் கேட்டது.

ஓடிப் போனேன். மேடைக்குக் கீழே அண்ணனைக் கிடத்தித் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கசடு வழிக்கிற நீளக் கம்பி அவர் விழுந்த இடத்திலேயே கிடந்தது. கையைத் தொட்டேன். பர்னஸ் மேடை ஆளுக்கு வேர்வை ஆறாக ஓட வேண்டும், அவருக்கு ஒரு பொட்டு வேர்வை இல்லை. தோல் காய்ந்து, தொட முடியாத சூட்டில் இருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. "ஆட்டப் புடிச்சிக் கட்டு, ஆட்டப் புடிச்சிக் கட்டு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர்கள் வீட்டில் ஆடு விற்றுப் பத்து வருடமாகிறது.

கம்பெனி ஜீப்பில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். பின்சீட்டில் அவர் தலை என் மடியில். முன்னால் போர்மேன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். பென்னாகரம் சாலை பிரிகிற இடத்தில் நெரிசலில் நின்றபோது என் போன் அடித்தது. எங்களுக்காக ஏலத்தில் வாங்கித் தருகிற வர்த்தக நிறுவனத்திலிருந்து ஒரு செய்தி. நாளைய பட்டியல் தயார், இதேபடி ஓட்டுகிறீர்களா, உறுதி செய்யவும் என்று. ஓர் ஐந்து நிமிடத்துக்குள் பதில் போட வேண்டும், அது வழக்கம். ஒரு கையால் அவர் நெற்றியில் ஈரத்துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டே, இன்னொரு கைக் கட்டைவிரலால் 'ஓகே' என்று அடித்து அனுப்பினேன்.

அடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கு உறைத்தது. அப்போதும் அதைத் திரும்பப் பெறவில்லை. மறுநாள் சனிக்கிழமை, பன்னிரண்டு முதல் மூன்று வரை பர்னஸ் ஓடியது. அவர் இடத்தில் வேறொருவர் நின்றார்.

அண்ணன் உயிர் தப்பிவிட்டார். சிறுநீரகம் தப்பவில்லை. முதலில் சில நாட்களில் சரியாகிவிடும் என்றார்கள், பிறகு பார்க்கலாம் என்றார்கள், பிறகு வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

இரண்டாவது வாரத்தில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். முன்னால் ஒரு படிவம் இருந்தது. "உங்க ஊர்க்காரர்தானே? அன்னைக்குச் சாப்பிட்டுட்டுத்தான் வந்தாரா, ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார். அக்கறையாகக் கேட்பதாக நினைத்து, "தவக்கால வெள்ளி சார், ஒருசந்தி இருந்திருப்பார்" என்றேன். ஒருசந்தி என்றால் என்ன என்றும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுதினார். உணவும் நீரும் இல்லாத நிலையில் பணிக்கு வந்ததால் மயங்கி விழுந்தார் என்று. அடியில் விவரம் தந்தவர் என்று என் பெயர். கையெழுத்துப் போடும்போதுதான் அது எங்கே போகிறது என்று புரிந்தது. படிவத்தில் நேரம் என்ற கட்டத்தில் பகல் இரண்டு என்று இருந்தது. அந்த நேரத்தில் ஏன் பர்னஸ் ஓடியது என்று கேட்க அதில் கட்டமே இல்லை. நானாகச் சொல்லியிருக்கலாம். பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு ஆலை, ஆஸ்பத்திரிச் செலவில் கொஞ்சம் கொடுத்ததோடு கை கழுவியது.

அந்த மாதம் முடிந்ததும் அந்தப் பன்னிரண்டு பிளாக்குகளிலும் பூஜ்யம் அடித்தேன். யாரிடமும் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் மேனேஜர் கவனித்தார். "வெயில் நேரத்தை விட்டுட்டீங்களா? சரி, சரி" என்றார். அவ்வளவுதான் எதிர்ப்பு. அதற்குப் பிறகுதான், முதலில் செய்திருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன். நடுப்பகலை விட்டுவிட்டுக் காலையிலும் மூன்று மணிக்கு மேலும் ஓட்டினால் கூடுதலாக எவ்வளவு செலவாகும் என்று. ஒரு நாளைக்கு ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் ரூபாய் வந்தது. எங்கேயோ தப்பு செய்துவிட்டேன் என்று மறுபடியும் போட்டேன். அதே தொகைதான். பகல் முழுவதுமே விலை கீழேதான் கிடக்கிறது. நடுப்பகல் இன்னும் ஒரு சாண் கீழே, அவ்வளவுதான். விருந்தினர் வந்தால் ஆலையில் ஒரு மதியத்துக்குப் பிரியாணி வாங்குகிற காசு அது.

லட்சக்கணக்கில் வந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

ஈஸ்டருக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். என் வேலையால் ஒருவருக்குக் கேடு வந்துவிட்டது என்று ஃபாதரிடம் சொன்னேன். "வேணும்னே செஞ்சீங்களாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப அது விபத்து. ஒரு ஜெபமாலை சொல்லுங்க, அவருக்காக வேண்டிக்குங்க" என்றார். போர்மேன் கேட்டுக்கொண்டதை நான் சொல்லவில்லை. ஜீப்பில் அடித்த ஓகேயைச் சொல்லவில்லை. போட்ட கையெழுத்தையும் சொல்லவில்லை. பாதியைச் சொல்லி முழு மன்னிப்பு வாங்கிக்கொண்டு வந்தேன். ஏலத்தில் பழகிய புத்தி, எங்கே போகும்?

அதற்குப் பிறகு அண்ணன் வீட்டுக்குப் போகாமல் தவிர்த்தேன். ஞாயிறு பூசைக்குக்கூட ஆறு மணிப் பூசையை விட்டுவிட்டு எட்டு மணிக்குப் போனேன். இந்த வருடம் வெயில் தொடங்கியபோது ஒரு நாள் இண்டூர்ச் சந்தையில் அண்ணியை, அதாவது அவர் மனைவியை, நேருக்கு நேர் பார்த்துவிட்டேன். "என்னா பாப்பா, எங்களை மறந்தே போயிட்ட? அவுரு உன்னைக் கேட்டுக்கினே இருக்காரு" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த ஞாயிறு மதியம், இனி மறைக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு போனேன்.

அண்ணன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். முந்தின நாள் டயாலிசிஸ் முடிந்து வந்த களைப்பு. கதவு வழியாகப் பார்த்தேன். கை குச்சியாகிவிட்டிருந்தது. ஊசி போடுகிற முழங்கைப் பக்கம் மட்டும் புடைத்திருந்தது. அண்ணி எனக்கு நாற்காலி போட்டு, காபி போட்டுக் கொடுத்துவிட்டு, எதிரில் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார்.

"எல்லாம் எம்மேலதான் தப்பு பாப்பா" என்று அவரே ஆரம்பித்தார். "கம்பெனியில எழுதிக் குடுத்தாங்களாமே, சாப்புடாம வந்ததாலதான் இப்பிடி ஆச்சின்னு. நாந்தான் தடுத்திருக்கணும். அன்னிக்கிக் காலையில தண்ணியாச்சும் குடிச்சிட்டுப் போன்னு சொன்னேன். கேக்கல. நானும் விட்டுட்டேன். சாமி காரியமாச்சேன்னு விட்டுட்டேன்."

"அண்ணி, அதனால இல்ல" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

சொன்னேன். வரிசை தப்பி, திக்கித் திக்கிச் சொன்னேன். இரவில் ஓடிக்கொண்டிருந்ததைப் பகலுக்கு மாற்றியது நான்தான் என்று. மூன்று மணி நேரத்தை விட்டுவிடச் சொல்லி போர்மேன் வந்து கேட்டார், நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன் என்று. கம்பெனியில் எழுதியதற்கு விவரம் கொடுத்ததும் நான்தான் என்று. அண்ணியின் கை நின்றுவிட்டது. உரித்த வெங்காயம் ஒன்று மடியிலிருந்து உருண்டு போனது, எடுக்கவில்லை. நான் எதிர்பார்த்தது திட்டு. எழுந்து போ என்று சொல்வார் என்றுகூட நினைத்தேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். என்னைச் சின்னப் பிள்ளையிலிருந்து நீ என்று கூப்பிட்டவர், அப்போது நீங்க என்றார்.

"அந்த மூணு மணி நேரத்த வாங்காம வுட்டிருந்தா, கம்பெனிக்கு எவ்ளோ நட்டம் ஆயிருக்குங்க?"

எனக்கு ரூபாய், பைசா சுத்தமாகத் தெரியும். சொல்வதற்காகத்தான் வந்திருந்தேன். வாயைத் திறந்தேன். ஆயிரத்து எண்ணூறு என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ரொம்பப் பெரிய தொகை அண்ணி" என்றேன்.

"லட்சமா?"

"லட்சக்கணக்குல."

அண்ணி மெல்லத் தலையாட்டினார். தோளிலிருந்து ஏதோ இறங்கினாற்போல் இருந்தது. குனிந்து, உருண்ட வெங்காயத்தை எடுத்து மறுபடியும் உரிக்க ஆரம்பித்தார்.

"அவ்ளோ பணம்னா யாருதான் வுடுவாங்க பாப்பா? நீயும் என்னா பண்ணுவ, சம்பளத்துக்கு இருக்கறவ. உம்மேல ஒண்ணும் இல்ல. எத்தினிச் சொன்னாலும் நாந்தான் அன்னிக்கி அவுருக்கு ஒரு சொம்புத் தண்ணி குடுத்து அனுப்பியிருக்கணும்."

அப்படியில்லை என்று நான் சொல்லவில்லை. காபி ஆறிப்போயிருந்தது. கடைசி மடக்கு வரை குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.